ஜாய்ஸ்ட்: தமிழில் தாங்குகட்டை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீடு எங்களுடையது. பலகைத் தரை, செங்கல் தூண்கள். கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் மூன்று பலகைகளை மிதித்தால் ‘கிரீச்’ என்னும். இரவில் யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வீட்டுக்கே தெரிந்துவிடும்.

பார்க்க வந்த மலாய்த் தச்சர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, பலகையில் குறையில்லை, கெலெகாரில்தான் பிடிப்பு விட்டுவிட்டது என்றார். “கெலெகார்னா தமிழ்ல என்னடா?” என்று அத்தை கேட்டார். உத்தரம் என்றேன். “உத்தரம் தலைக்கு மேலல்லவா இருக்கும்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பலகைத் தரையைக் கீழிருந்து சுமக்கும் நீளக் கட்டைகள்தாம் இவை. மலாயில் கெலெகார் (இடிமுழக்கத்துக்கும் அதே ஒலியில் ஒரு சொல் உண்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டும் பொருந்தும்). ஆங்கிலத்தில் ஜாய்ஸ்ட். பழைய பிரெஞ்சின் ‘ஜிஸ்ட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம், ‘கிட, படு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. ஆக ஜாய்ஸ்ட் என்றால் படுத்துக் கிடப்பது.

தமிழில் அத்தை சொன்னதுதான் சரி. உத்தரம் வடசொல், மேலே உள்ளது என்று பொருள். தொட்டில் கட்டுவதும் ஊஞ்சல் மாட்டுவதும் அதில்தான். விட்டமும் அப்படியே. வேலையில்லாதவன் ‘விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்’ என்கிறோம். விட்டம் காலடியில் இருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. ஊரில் நம் முன்னோர் மண்ணைக் கெட்டித்துச் சாணம் மெழுகிய தரையில் நடந்தவர்கள். மச்சு வீட்டுக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தரைக்கு அடியில் கட்டை எதற்கு? பொருள் இல்லை, பெயரும் தேவைப்படவில்லை.

அப்புறம் என்ன சொல்லலாம்? ‘கிடைக்கட்டை’ என்றால் மூலப்பொருளுக்கு நெருக்கம்தான். ஆனால் கிடையாக வைத்த எந்தக் கட்டைக்கும் அது பொருந்தும். ‘தரைச்சட்டம்’ தச்சர் வாய்க்கு எளிது. ஆனால் கட்டைகளுக்கு இடையிலான தூரத்தைச் ‘சட்ட இடைவெளி’ என்று எழுதினால், வக்கீல் தேடும் ஓட்டை போலத் தொனிக்கும். என் தேர்வு ‘தாங்குகட்டை’. செய்யும் வேலையைச் சொல்கிறது, விளக்கம் கேட்காது.

இடைவெளிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கட்டையின் விளிம்பிலிருந்து அடுத்ததன் விளிம்புக்கு அளக்கக் கூடாது. நடுவுக்கு நடு அளக்க வேண்டும். அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் 16 அங்குலம். 12, 24 அங்குலமும் உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் 400, 450, 600 மில்லிமீட்டர். 16-இல் ஒரு வசதி உண்டு. ஒட்டுப்பலகை (பிளைவுட்) 8 அடி நீளம், அதாவது 96 அங்குலம். பதினாறு ஆறு தொண்ணூற்றாறு. பலகையின் முனை சரியாக ஒரு கட்டையின் மேல் போய் உட்காரும். எங்கள் வீட்டில் அளந்தால் முழுதாக இரண்டடி. கட்டைகள் தள்ளித் தள்ளி இருந்தால் மிதிக்கும்போது பலகை அதிகமாக வளையும். வளைந்து நிமிர்ந்தே ஆணி தளரும்.

சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். அத்தை மேலே நடந்தார், நான் டார்ச்லைட்டோடு அடியில் மல்லாந்து கிடந்தேன். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே காகித அட்டை நுழையும் அளவுக்குச் சந்து. அதன் வழியே ஓர் ஆணியின் உடம்பு தெரிந்தது. மற்ற ஆணியெல்லாம் கறுத்துத் துருவேறி இருக்க, அது மட்டும் வெள்ளிக்காசு போல மினுங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் பலகை இறங்கி ஏறி அதைத் தேய்த்திருக்கிறது. கிரீச் என்றது அந்த உரசல்தான். மரம் காய்ந்து சுருங்கியதும் ஆணிப் பிடிப்பு இளகியிருக்கிறது.

பழைய ஆணியையே மறுபடி அடித்து இறக்கினால் சில நாளில் கிளம்பிவிடும். திருகாணிதான் சரி. ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குலத் திருகாணி போதும். மேலே ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும் கோடுதான் கட்டை ஓடும் கோடு. செங்கால் மாதிரிக் கடின மரமென்றால் முதலில் சிறு துளை போடுங்கள், இல்லாவிட்டால் பலகை பிளந்துவிடும். கீழே போக வழி இருந்தால் மெல்லிய ஆப்பில் பசை தடவி அந்தச் சந்தில் கையால் செருகலாம். சுத்தியலால் அறைந்தால் பலகை தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலகை கத்த ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு தாங்குகட்டைகளுக்கு நடுவே குறுக்காக ஒரு துண்டுக் கட்டை இறுக்கியதும் அந்த ஆட்டம் நின்றது.

இதற்கெல்லாம் நேரமில்லையா? பலகை இடுக்கில் முகப்பவுடரைத் தூவி, மேலே நாலு நடை நடந்துவிடுங்கள். பலகையும் பலகையும் உரசுகிற சத்தமென்றால் கொஞ்ச நாளைக்கு அடங்கும். விருந்தாளி வந்து போகும் வரை அது போதும்.