காட்டில் தொலைந்த ஒன்பது நிமிடம்

புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. ஒஸ்லோ நகருக்கு வடக்கே நூர்மார்க்கா காட்டுக்குள், ஒரு சதுப்பின் கரையில் முழங்கால் வரை சேறோடு நின்றுகொண்டிருந்தேன். கையில் வரைபடம், கட்டைவிரலில் திசைகாட்டி. சதுப்பை ஒட்டி இருக்க வேண்டிய சின்னக் குன்று எதிரே இருக்கிறது. அதன் கிழக்குச் சரிவில் தொங்க வேண்டிய ஆரஞ்சு வெள்ளைக் கொடியை மட்டும் காணவில்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இந்த விளையாட்டில் எல்லோருக்கும் முதலில் வருகிற நினைப்பு அது. கொடி அதனுடைய இடத்திலேயே பத்திரமாக இருந்தது. நான்தான் வேறொரு குன்றில் இருந்தேன்.

விளையாட்டின் பெயர் ஓரியண்டியரிங். காட்டில் பத்துப் பதினைந்து இடங்களில் கொடிகளைக் கட்டிவைத்திருப்பார்கள். புறப்படும் நொடியில்தான் வரைபடம் கைக்கு வரும். கொடிகளை வரிசைப்படி கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் கையில் உள்ள மின்னணுக் கட்டையால் தொட்டுப் பதிந்துவிட்டு, சீக்கிரம் திரும்பி வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. நார்வேக்காரர்கள் கொடி இருக்கும் இடத்தை 'போஸ்ட்' என்பார்கள். பொதுமக்கள் கலந்துகொண்ட முதல் போட்டி என்று சொல்லப்படுவது இதே காட்டுப் பக்கம்தான் நடந்தது, 1897 அக்டோபர் 31 அன்று. எட்டுப் பேர் ஓடினார்கள். போஸ்ட்கள் மூன்றே மூன்று. இப்போது எங்கள் புதன்கிழமைப் பயிற்சிக்கே அதைவிடப் பெரிய கூட்டம் வருகிறது. அடுத்தவர் காட்டில் இப்படி நடக்கவும் ஓடவும் எல்லோருக்கும் உரிமை தரும் சட்டம் இங்கே 1957இலேயே வந்துவிட்டது.

நான் ஐம்பதை நெருங்குகிற, அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஆள். என்னுடைய வாரம் ரொம்ப எளிது. செவ்வாய் ஓட்டம், புதன் காட்டில் பயிற்சி, ஞாயிறு போட்டி. மற்ற நாட்களில் முட்டிக்கு ஓய்வு.

செவ்வாய்க்கிழமை ஓட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. சாலையோரமாக ஓடும்போதே பழைய போட்டி வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துப் படிப்பேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டே படிப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. ஓடும்போது தலை குலுங்கினாலும் வெளியுலகம் நம் கண்ணுக்குக் குலுங்குவதில்லை. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு தலையின் அசைவை உணர்ந்து, கண்களை எதிர்ப்பக்கமாக நகர்த்திச் சரிசெய்துவிடுகிறது. தூரத்து மரத்துக்கு இது போதும். வரைபடமோ கையோடு சேர்ந்து அதன் போக்கில் தனியாக ஆடுகிறது. அதனால் வரைபடத்தைச் சின்னதாக மடித்து, நெஞ்சுக்கு நேரே தூக்கி, இப்போது இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் 'நான் எங்கே?' என்று முழுத் தாளையும் தேட வேண்டியதில்லை. விரல் நுனியில் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? வழக்கமான போட்டிகளில் அளவு 1:10,000 அல்லது 1:15,000. முதலாவதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 100 மீட்டர். வெள்ளையாக விடப்பட்ட இடத்தை வெற்றுவெளி என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தடையில்லாமல் ஓடக்கூடிய நல்ல காடு. பச்சை கூடக் கூட அடர்த்தி கூடுகிறது. கரும்பச்சையில் புகுந்தால் சட்டை கிழியும். மஞ்சள்தான் வெட்டவெளி. நீலம் தண்ணீரும் சதுப்பும். கறுப்பில் பாறைகள், பாதைகள், கட்டடங்கள். பழுப்பில் சம உயரக் கோடுகள், பெரும்பாலும் 5 மீட்டருக்கு ஒன்று. இப்போது விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, இலை இடுக்குகளில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்புகிறவற்றை மட்டும் பிரித்தெடுத்து நிலத்தின் வடிவத்தை அறிகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு மனிதர் காடு முழுக்க நடந்து, எந்தப் பாறையைப் போடலாம், எதை விடலாம் என்று முடிவு செய்கிறார். வரைபடத்தின் தரம் அந்த மனிதரின் கண்ணில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வரைபடத்தில் செங்குத்தாக ஓடும் மெல்லிய கோடுகள் உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை, திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கைக் காட்டுகின்றன. முள்ளை அந்தக் கோடுகளுக்கு இணையாக வைத்தால் போதும், கணக்குப் போட்டுத் திருத்த வேண்டாம்.

முள்ளைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஒரு விடுமுறைக்கு என் ஒஸ்லோ திசைகாட்டியைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தால் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசுகிறது. பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். காரணம் பூமி. பூமியின் காந்தப்புலக் கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்கத் தரைக்குள் குத்திட்டு இறங்குகின்றன. ஒஸ்லோவில் அந்தச் சாய்வு 70 டிகிரிக்கும் மேல். முள்ளின் வட முனையைப் பூமி கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சமன்செய்ய முள்ளின் தென் பக்கத்தைச் சற்றுக் கனமாக்கி விற்கிறார்கள். தென் தமிழகமோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடுகிறது. கீழே இழுக்க ஆளில்லை. அப்புறம் கனமான தென் முனை தாழத்தானே செய்யும்? இதனால்தான் தயாரிப்பாளர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு வகை முள் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முள்ளைத் திருப்புகிற படுக்கைவாட்டு விசை ஒஸ்லோவில் இருப்பது திருநெல்வேலியில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. அங்கே போட்டியே இல்லை, முள்ளுக்கோ நல்ல பலம்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

நான்காவது போஸ்டிலிருந்து ஐந்தாவதற்கு நேர்கிழக்கே 400 மீட்டர். வரைபடத்தில் நீளவாக்கில் ஒரு சதுப்பு, அதன் கிழக்கே குன்று. திசைகாட்டியை வைத்து நேராகப் போய்விடலாம் என்று கிளம்பினேன். திசையில் 5 டிகிரி பிசகினால் 400 மீட்டர் முடிவில் 35 மீட்டர் விலகல். காட்டில் கொடி அநேகமாக அந்தத் தூரத்துக்குத் தெரியாது. நான் விலகியதோ அதைவிட அதிகம். நிலம் வலப்பக்கம் சரிவு. விழுந்துகிடந்த மரங்களை ஒவ்வொரு தடவையும் சரிவுப் பக்கமாகவே சுற்றிப் போனேன், ஏனென்றால் கால் அதைத்தான் விரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நாலு மீட்டர், ஐந்து மீட்டர். திரும்ப மேலே ஏறிக் கணக்கை நேர்செய்யவில்லை.

மனிதன் தன் உள்ளுணர்வை நம்பி நேராக நடக்க முடியாது என்பது ஊகமில்லை. ஜெர்மனியின் டூபிங்கன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சௌமனும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைப் பெரிய காடொன்றில் விட்டு நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் வந்த பாதையையே குறுக்கே கடந்தும் அதை உணரவில்லை. கண்ணைக் கட்டிவிட்டபோது சிலருடைய வட்டம் 20 மீட்டர் விட்டத்துக்குச் சுருங்கிவிட்டது.

ஏன் என்பதற்கு நார்வேயிலேயே ஒரு பகுதி விடை இருக்கிறது. துரண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசரும் எட்வார்ட் மோசரும் 2005இல், எலி மூளையில் விசித்திரமான நரம்பணுக்களைக் கண்டறிந்து அறிவித்தார்கள். எலி தரையில் நடக்கும்போது அவை முக்கோணக் கட்டம் போட்டதுபோல் சீரான இடைவெளியில் துடிக்கின்றன. மூளைக்குள் ஒரு வரைபடத் தாள் மாதிரி. இடத்தை உணரும் அணுக்களை 1971இலேயே கண்டிருந்த ஜான் ஓ'கீஃபோடு சேர்த்து, மோசர் தம்பதிக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 'இத்தனை அடி வைத்தேன், இவ்வளவு திரும்பினேன்' என்று கூட்டிக் கூட்டி இடத்தைக் கணிக்க இந்த அமைப்பு உதவுகிறது. ஆனால் கூட்டலில் விழுகிற சின்னப் பிழைகளும் கூடிக்கொண்டே போகும். சுவரையோ விளிம்பையோ தொடும்போதுதான் கணக்கு நேராகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எனக்கும் சுவர் வேண்டியிருந்தது.

சுவர் இருந்தது. அதை வியாழக்கிழமை இரவுதான் உணர்ந்தேன். கைக்கடிகாரம் பதிந்த தடத்தைக் கணினியில் வரைபடத்தின் மேல் போட்டுப் பார்ப்பது இந்த விளையாட்டின் பாதி இன்பம், மீதி வேதனை. நான் ஓட நினைத்த கோட்டுக்கு 50 மீட்டர் வடக்கே, அதே திசையில் ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. அது நான் தேடிய சதுப்பின் வட முனையைத் தொடுகிறது. வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்ந்து ஓடியிருந்தால் பாதையில் போய் முட்டியிருப்பேன். முட்டிய பிறகு திசைகாட்டியே வேண்டாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவதுபோல் பாதையோடு போகலாம். சதுப்பு வந்ததும் கரையோடு தெற்கே 50 மீட்டர் இறங்கினால் குன்று. நேராகக் குறிவைத்தால், தவறும்போது எந்தப் பக்கம் தவறினோம் என்றே தெரியாது. ஒரு பக்கமாகத் தவறிக் குறிவைத்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் சந்தேகம் இல்லை. முதலில் பெரிய, தவறவிட முடியாத ஒன்றைப் பிடி. அங்கிருந்து சின்னதற்குப் போ என்று பழைய ஆட்கள் புதியவர்களிடம் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

ஆனால் அன்று தொலைந்த ஒன்பது நிமிடத்தில், விலகியதில் போனது ஒரு நிமிடம்கூட இருக்காது. மீதி எட்டு நிமிடம் போனது வேறு வழியில். நான் சேர்ந்த தெற்குச் சதுப்பு வட்டமானது. வரைபடத்தில் இருப்பது நீளமானது. 'மழை குறைவு, ஓரமெல்லாம் காய்ந்திருக்கும்' என்று சொல்லிக்கொண்டேன். வட முனையில் பாதை இல்லை. 'யாரும் நடப்பதில்லை போல, மூடிக்கொண்டிருக்கும்' என்றேன். கிழக்கே ஒரு குன்று இருந்தது, போதாதா? இங்கே இதை இணைப் பிழை என்பார்கள். அருகருகே ஒரே மாதிரி இரண்டு இடங்கள், ஒன்றில் நின்றுகொண்டு மற்றதில் இருப்பதாக நம்புவது. மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் ஒத்துப்போகிற சாட்சியைத் தேடி எடுக்கும், ஒவ்வாததற்குச் சமாதானம் சொல்லும். மூச்சு வாங்க ஓடுகிறவனுக்கு வாதாட நேரமும் இல்லை. குன்றை மூன்று முறை சுற்றினேன். கடைசியில் வரைபடத்தை நம்புவோம் என்று வடக்கே நடந்தேன், பாதை காலில் தட்டுப்பட்டது.

இப்படிப் பிழை செய்வதற்கு இங்கே 'பும்' என்று பெயர். ஓட்டம் முடிந்ததும் ஆளாளுக்குத் தங்கள் பும் கதையைச் சொல்வார்கள், மீன் பிடித்தவர்கள் மீனின் நீளம் சொல்வதுபோல. என்னுடையது அன்று கூட்டத்திலேயே நீளமானது.

வெள்ளி, சனி ஒன்றுமில்லை. உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. சிராய்ப்புகளும் ஆறத் தொடங்கின. ஸ்வீடனில் 1957க்கும் 1963க்கும் இடையே 500க்கும் மேற்பட்ட ஓரியண்டியரிங் ஓட்டக்காரர்களுக்கு ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலை பரவியது. முள் கீறிய கால்களோடு எல்லோரும் ஒரே தண்ணீரில் கழுவியது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. முழுக்கால் உடை கட்டாயம் என்ற வழக்கம் அதிலிருந்து வந்தது. கோடையில் வேர்த்து வழியும்போது இதை நினைத்துத்தான் பொறுத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு போட்டி, ஆண்கள் 45 வயதுப் பிரிவு. ஆறாவதிலிருந்து ஏழாவதற்கு நடுவில் பெரிய மேடு. நேராகப் போனால் 900 மீட்டர், ஆனால் 50 மீட்டர் ஏற்றம். வண்டிப் பாதையில் சுற்றினால் 1,250 மீட்டர், ஏற்றமே இல்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், கூடவே 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதை மாற்றிப் போட்டால் ஒரு மீட்டர் ஏறுவது எட்டு மீட்டர் சமதரையில் போவதற்குச் சமம். 50 மீட்டர் ஏற்றம் 400 மீட்டர். ஆக நேர்வழி 1,300. போதாததற்கு அது புதரும் பாறையுமான தரை. சுற்றினேன். என்னோடு புறப்பட்ட இளைஞர் மேட்டில் ஏறினார். அவர் எனக்கு முன்பே ஏழாவதில் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய கால்களுக்கு நைஸ்மித் கணக்குப் போடவில்லை.

ஒன்பதாவதுக்குப் போகும்போது ஒரு பாறைச் சரிவு வந்தது. வரைபடத்தில் அது மேற்கு பார்த்தது. என் எதிரே இருந்தது வடமேற்கு பார்த்த மாதிரி இருந்தது. 'கிட்டத்தட்ட சரிதான்' என்று வாய்வரை வந்துவிட்டது. நின்றேன். முள்ளுக்கு இணையாக வரைபடத்தைத் திருப்பி, கடைசியாகச் சந்தேகமில்லாமல் தெரிந்த இடம் எது என்று பார்த்தேன். பின்னால் 80 மீட்டரில் இரண்டு பாதைகள் கூடும் இடம். அங்கே திரும்பிப் போய் மறுபடி புறப்பட்டேன். நாற்பது நொடிதான் போனது. கொடி அடுத்த பாறைக்குப் பின்னால் தொங்கியது. கொடியின் எண்ணைச் சரிபார்த்துக் கட்டையை வைத்தேன், விளக்கு மின்னியது.

பத்தாவதில் மறுபடி பும். இரண்டு நிமிடம். அதை வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.