கேனன்: எந்தக் கதை 'நடந்தது'?

ஒரு கற்பனை உலகில் எந்தெந்தக் கதைகள் நடந்தவையாகக் கொள்ளப்படும் என்று அந்த உலகின் உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறாரோ, அந்தக் கதைகளின் தொகுதிக்குப் பெயர் கேனன். அறிவியல் புனைகதைப் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஒட்டி வெளிவரும் நாவல்களைப் படிப்பவர்களிடம் இந்தச் சொல் அன்றாடம் புழங்குகிறது. பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ அப்படிப்பட்ட இருவர் பேசிக்கொண்டால், "அது புக்ல மட்டும்தான் கீது மச்சி, கேனன் இல்ல" என்று ஒருவர் வெட்டிவிடுவார். "முன்னாடி கேனனாத்தான் இருந்துச்சு" என்பார் மற்றவர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'கானோன்' என்றால் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கோல், அளவுகோல். அதற்கு அடி 'கன்னா', அதாவது நாணல். கிரேக்கத்துக்கு அது செமிட்டிய மொழிகளிலிருந்து வந்தது. எபிரேயத்தில் 'கானே', அக்காடியத்தில் 'கனூ'. அதே நாணல் இலத்தீன் வழியாகக் குழாய், வாய்க்கால் என்று பொருள் விரிந்து 'கெனால்' ஆயிற்று. பேசின் பிரிட்ஜைத் தாண்டி ஓடும் பக்கிங்காம் கெனாலின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். தமிழில் எழுதும்போது எழுத்தும் ஒன்றாகிவிடுகிறது. கேமரா நிறுவனத்தின் பெயர் மட்டும் வேறு வழி: 1934-இல் செய்த மாதிரிக் கேமராவுக்கு ஒரு போதிசத்துவரின் பெயரால் 'குவானோன்' என்று பெயரிட்டிருந்தார்கள். நம் 'கன்னல்' என்ற கரும்பையும் இந்த வேரோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக் கூடாது.

கோலிலிருந்து 'விதி' என்ற பொருளும், விதிக்கு உட்பட்ட 'பட்டியல்' என்ற பொருளும் திருச்சபையில் வந்தன. கி.பி. 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடல், இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் ஏற்கத்தக்கவை என்று வரிசைப்படுத்தியது. பட்டியலுக்குள் இருப்பது கேனன், வெளியே இருப்பது அல்ல. இதை இராயபுரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அங்கே சீர்திருத்த சபை வீட்டில் இருக்கும் வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்க வீட்டில் இருக்கும் திருவிவிலியத்தில் 73. கூடுதலான அந்த ஏழுக்கும் கத்தோலிக்கத் தமிழில் 'இணைத் திருமுறை நூல்கள்' என்று பெயர். ஒரே தெருவில் இரண்டு கேனன். எது கேனன் என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய கேனன் என்று கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கதைகளுக்கு இந்தச் சொல் வந்தது ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகர்கள் வழியாக. பின்னாளில் குருவான ரொனால்ட் நாக்ஸ் 1911-இல் விவிலிய ஆய்வு முறையை ஹோம்ஸ் கதைகள்மேல் விளையாட்டாகப் பொருத்திக் காட்டினார். கோனன் டாய்ல் எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் சேர்த்து ஹோம்ஸ் அன்பர்கள் இன்றும் 'கேனன்' என்றே சொல்கிறார்கள்.

அங்கே ஆசிரியர் ஒருவர், எண்ணிக்கை அறுபது, வேலை முடிந்தது. படத்தையோ தொடரையோ ஒட்டிவரும் நாவல்களில் அப்படி முடிவதில்லை. உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கும், எழுதுகிறவர்கள் பலர், படம் இன்னும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. இதை அறியாமல் பேசினால் வாதம் முட்டுச்சந்தில் போய் நிற்கும்.

விண்கலப் பயணக் கதையான ஸ்டார் டிரெக்கில் நெடுங்கால நடைமுறை எளிமையானது: திரையில் வந்தது கேனன், அச்சில் வந்தது அல்ல. ஆனால் அச்சிலிருந்து திரைக்கு ஏறுவதற்குத் தடையில்லை. அதில் விண்கலத்தை ஓட்டும் சுலுவின் முதற்பெயர் 'ஹிகாரு' 1981-இல் ஒரு நாவலில் பிறந்தது. 1991-இல் ஆறாவது படத்தில் உச்சரிக்கப்பட்ட பிறகுதான் கேனன் ஆனது. அதே கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவின் முதற்பெயர் 'நியோட்டா' 1982-இல் புத்தகத்தில் வந்து, 2009 படம்வரை காத்திருந்தது. எதிர்த் திசையிலும் நடக்கும். சுமார் இருபது ஆண்டுகள் நாவல்கள் தமக்குள் கட்டி வளர்த்த தொடர்ச்சியை 2020-இல் வந்த பிக்கார்ட் தொடர் பொருந்தாமல் ஆக்கியது. நாவலாசிரியர்கள் 2021-இல் மூன்று நூல்கள் எழுதி அந்த உலகத்தைத் தாங்களே முறையாக முடித்துவைத்தார்கள். வாசகருக்குக் காட்டிய அந்த மரியாதையை மனமாரப் பாராட்டவேண்டும்.

ஸ்டார் வார்ஸில் படிநிலை இருந்தது. 2000 முதல் லேலண்ட் சீ பராமரித்த 'ஹோலோக்ரான்' என்ற தரவுத்தளம் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எழுத்து கொடுத்தது: ஜி என்றால் அந்த உலகைப் படைத்த ஜார்ஜ் லூகாஸின் படங்கள், டி தொலைக்காட்சி, சி நாவலும் காமிக்ஸும், எஸ் இரண்டாம் நிலை, என் வெளியே. மேலே உள்ளது கீழே உள்ளதை அடிக்கும். 2014 ஏப்ரல் 25-இல் இந்த ஏணியையே எடுத்துவிட்டார்கள். அதுவரை வந்த ஆறு படங்களும் 'குளோன் வார்ஸ்' என்ற அனிமேஷனும் மட்டும் நின்றன. புதுக்கதை சொன்ன பழைய நாவல்கள் முழுக்க 'லெஜன்ட்ஸ்' என்ற பெயரில் வெளியே வைக்கப்பட்டன. 1999 நாவலில் இறந்துபோன சூபாக்கா என்ற பாத்திரம் 2015 படத்தில் உயிரோடு வந்தது இதனால்தான். 1991 நாவலில் அறிமுகமான தளபதி திரான் 2016-இல் ரெபெல்ஸ் தொடர் வழியாகத் திரும்பினார். கவனிக்க: திரும்பியது பாத்திரம்தான். 1991 நாவலின் சம்பவங்கள் அவரோடு சேர்ந்து உள்ளே வரவில்லை. வடசென்னை வாசகர் பேச்சில் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். 'திரான் கேனன்' என்பதையும் 'அந்த நாவல் கேனன்' என்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரில் பிபிசி இதுவரை கேனன் பட்டியல் எதுவும் அறிவித்ததில்லை. அதன் நாயகன் 'டாக்டர்' உருவம் மாறி மாறி வருபவர்; ஏழாவது, பத்தாவது என்பதெல்லாம் ஒரே ஆள்தான். 1995-இல் ஏழாவது டாக்டரை வைத்து வந்த ஒரு நாவலை, அதே ஆசிரியரே 2007-இல் பத்தாவது டாக்டருக்கு மாற்றித் தொலைக்காட்சிக்கு எழுதினார். ஒரே சம்பவம் ஒருவர் வாழ்வில் இரண்டுமுறை நடந்ததா என்றால் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. அங்கே 'கேனன் இல்லை' என்று அடித்துப் பேசுவது பொருளற்றது.

படத்தையே நாவலாக்கும் நூல்களில் முரண் வருவதற்குக் காரணம் வேறு. படத்தொகுப்பு முடிவதற்கு முன்பே, திரைக்கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். பிறகு மாறுவதெல்லாம் நூலில் பழையபடியே நின்றுவிடும். முதல் ஸ்டார் வார்ஸ் நாவல் 1976-இல், படத்துக்கு முந்தியே வந்தது. அதில் நாயகன் லூக் நீல விண்கல அணியில் ஐந்தாம் எண். படத்தில் சிவப்பு அணி. நீலத்திரை வைத்து எடுக்கும் தந்திரக் காட்சியில் நீலக் குறிகள் திரையோடு மறைந்துவிடும் என்பதால் விண்கலங்களின் நிறத்தை மாற்றினார்கள். இதைக் கதைக்குள் இருக்கும் மர்மமாக நினைத்து விளக்கம் தேடினால் வீண் வேலை.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் இந்த நாவல்களை எடுப்பவர்கள், அட்டைக்கு அடுத்துள்ள பதிப்புரிமைப் பக்கத்தை முதலில் பார்க்கவேண்டும். புதுக்கதை சொல்லும் ஸ்டார் வார்ஸ் நாவலின் முதற்பதிப்பு 2014-க்கு முந்தியதென்றால் அது லெஜன்ட்ஸ். 2014-க்குப் பிறகான மறு அச்சுகளில் அட்டையின் மேலே அந்தப் பெயரோடு தங்கநிறப் பட்டை இருக்கும். பழைய அச்சில் இருக்காது. பட்டை இல்லை என்பதால் கேனன் என்று முடிவுகட்டிக் கடைக்காரரிடம் கூடுதல் விலை கொடுத்துவிடுகிறார்கள். அச்சான ஆண்டையும் முதல் வெளியீட்டு ஆண்டையும் பிரித்துப் பாருங்கள். கணக்கில் வருவது முதல் வெளியீடுதான்.

நோட்டில் குறித்துவைப்பவர்கள் ஒரு தகவலுக்கு ஆறு கட்டங்கள் போட்டால் போதும்: பாத்திரம், தகவல், நூல், அத்தியாயம், முதல் வெளியீட்டு ஆண்டு, கதைக்குள் நடக்கும் காலம். பக்க எண் எழுதாதீர்கள். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் மூன்றிலும் பக்கம் மாறும், அத்தியாயம் மாறாது. கடைசி இரண்டு கட்டங்களைச் சேர்த்து எழுதுவதும் கூடாது. வெளியான வரிசையும் கதைக்குள் நடக்கும் வரிசையும் வேறு வேறு. தொடர்ச்சிப் பிழை என்று சொல்லப்படுபவற்றில் பல இந்த இரண்டையும் கலந்ததால் வந்தவை. கேனனா என்ற கேள்விக்குத் தனிக் கட்டம் போட்டால் பென்சிலால் எழுதுங்கள், பக்கத்தில் தேதியும் போடுங்கள். தொடக்கத்தில் சொன்ன இருவரும் சரியாக இருப்பது இதனால்தான்: ஒருவர் இன்றைய பட்டியலைச் சொல்கிறார், மற்றவர் 2013-இன் பட்டியலை.

இனி தமிழ். 'நியதி' என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் ஊழ் என்ற பொருள் முந்திக்கொள்கிறது. 'மூலக்கதை' தவறு: சுலுவின் முதற்பெயர் மூலத்தில் இல்லை, ஆனாலும் இன்று கேனன். 'ஆதாரநூல்' என்றால் மேற்கோள் எடுத்த இடம் என்று ஆகிவிடும். வரலாற்றுப்படி மிக நெருங்குவது 'திருமுறை'. நம்பியாண்டார் நம்பி தொகுத்ததாக மரபு சொல்லும் அந்த வரிசையும் அதிகாரபூர்வப் பட்டியல்தான். பட்டினத்துப் பிள்ளையார் இயற்றிய 'திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது' உட்பட ஐந்து நூல்கள் பதினோராம் திருமுறைக்குள் இருக்கின்றன. தாய்க்குக் கொள்ளி வைக்கையில் பட்டினத்தார் பாடியதாக ஊரெல்லாம் அறிந்த பாடல்கள் திருமுறைக்கு வெளியே. திருவொற்றியூர்க் கடற்கரையில் அவர் சமாதிக்கு வருகிறவர்கள் நெஞ்சில் வைத்திருப்பவை பெரும்பாலும் அந்த வெளிப்பாடல்களே. பட்டியலுக்கும் சுவைக்கும் தொடர்பில்லை. லெஜன்ட்ஸ் ஆகிவிட்டது என்பதற்காக நல்ல நாவலைப் படிக்காமல் ஒதுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனாலும் 'திரு' ஏறிய சொல்லை விண்கலக் கதைக்கு இறக்குவது பொருந்தாது. இந்தக் கட்டுரை முன்வைக்கும் சொல் 'ஏற்பு'. உரிமையாளர் ஏற்றுக்கொண்டது என்ற செய்தி அதிலேயே இருக்கிறது. ஏற்றதை நாளை விலக்கலாம் என்பதும் இருக்கிறது. "இது ஏற்புக்குள் வருமா?", "2014-இல் ஏற்பிலிருந்து விலக்கப்பட்டது" என்று எழுதினால் இயல்பாக நிற்கிறது. 'கேனன்' என்று முதன்முறை கேட்பவர்களுக்குக் 'கேனை' நினைவு வருவதும் இதனால் தீரும்.

ஒட்டிவரும் நாவல்களுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், நன்னூல் தந்துவிட்டது. பவணந்தி முனிவர் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக்குகிறார். முதனூலின் முடிபோடு முழுக்க ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பங்களைச் சேர்ப்பது வழிநூல். படத்தையே நாவலாக்குவது அப்படியே இதுதான். முடிவு மாறக் கூடாது, இடையில் கூட்டலாம். முன்னிரண்டுக்கும் ஒரு பக்கம் ஒத்து, மற்றதில் வேறுபட்டுப் போவது சார்புநூல். புடைநூல் என்றும் சொல்வார். புதுக்கதையோடு வரும் டை-இன் நாவலை 'சார்பு நாவல்' எனலாம். 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி'யும் இந்த வகையில் சேரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'கன்டினியூட்டி'க்குத் தொடர்ச்சி போதும். பின்னால் வந்த கதை முன்னால் நடந்ததன் பொருளையே மாற்றும் 'ரெட்கான்' என்பதைப் பின்திருத்தம் எனலாம். இதை இடைச்செருகலோடு குழப்பக் கூடாது. இடைச்செருகல் பிறர் கை திருட்டுத்தனமாக நுழைந்தது. கம்பராமாயணப் பதிப்புகள் அவற்றை 'மிகைப் பாடல்கள்' என்று பிரித்து அச்சிடுகின்றன. பின்திருத்தமோ உரிமையாளரே அறிந்து செய்வது. எங்கும் சொல்லப்படாமல் வாசகர்களே பொதுவாக நம்பத் தொடங்கிய 'ஃபேனன்' வாசகர் வழக்கு. ஒரே ஒருவர் தமக்குள் வைத்திருக்கும் 'ஹெட்கேனன்' மனக்கதை. வாசகர் வழக்கை ஏற்பாக எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அத்தியாயம் கேட்டால் வழக்குக்கு அத்தியாயம் இருக்காது. அதுவே அதைக் கண்டுபிடிக்கும் வழி.