கொட்டான் பின்னினால் நடந்த கணக்காகுமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்காகப் போகிறேன். ஆச்சிக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிற நோய். வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பார்.

அன்று நுழைந்ததுமே கையை நீட்டினார். மகன் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச். "பாத்தீகளா தம்பி, மத்தியானத்துக்குள்ள நாலாயிரம் ஸ்டெப்பு!"

எனக்கு இடித்தது. காலையிலிருந்து வளவில், அதாவது உள்முற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து கொட்டான் (ஓலைக்கூடை) பின்னிக்கொண்டிருந்ததாக அவரே சொல்லியிருந்தார். சரி, பார்த்துவிடுவோம் என்று இன்னும் கொஞ்சம் பின்னச் சொன்னேன். ஓலையை இழுக்க இழுக்க எண் ஏறியது. அப்புறம் வாக்கரோடு இரண்டாம் கட்டு வரை போய்வரச் சொல்லி நான் வாய்விட்டு எண்ணினேன்: 62 காலடி. வாட்ச் சேர்த்துக்கொண்டது 9.

வாட்ச் பழுதில்லை. உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் நடையைப் பார்ப்பதில்லை. குலுக்கலை மட்டும்தான் அளக்கும். அந்தக் குலுக்கல் ஒரு தாளத்தில், போதிய வேகத்தில் வந்தால் 'காலடி' என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். வாக்கரைப் பிடித்த கை வீசாது. பாதம் தேய்த்து மெல்ல நடந்தால் அதிர்வும் குறைவு. கை நடுக்கம் உள்ளவர்களுக்கோ உட்கார்ந்த இடத்திலேயே எண் கூடும்.

ஆனாலும் கருவி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எம்.எஸ். பாதிப்பை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் (1983-இல் கர்ட்ஸ்கே என்ற நரம்பியல் மருத்துவர் வெளியிட்டது) துணையில்லாமல் 500 மீட்டர் நடக்க முடிகிறதா, 300-ஆ, 100-ஆ என்பது முக்கியம். ஆனால் மருத்துவமனை வராந்தாவில் தம் கட்டி நடந்துகாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துவிடுபவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் எந்தச் சீட்டிலும் ஏறாது.

ஆச்சியின் வாட்சைக் கணுக்காலுக்கு மாற்றினோம். மெதுநடை அங்கே பரவாயில்லாமல் பிடிபடுகிறது. கையால் எண்ணிய 50 காலடியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தினமும் அதே காலில், ஏழு நாள். கூடவே ஒரு நோட்டில் நேரம், வேலை, அசதி. நோட்டு இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

அந்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். அன்று எண் எகிறியது. அடுத்த இரண்டு நாள் தரையோடு தரை. ஏழு நாள் சராசரியைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தெரியும். அதோடு, காலையில் நன்றாக நடப்பவர் பன்னிரண்டு மணிக்கு மேல் அசையவே இல்லை. சித்திரை வெயில். 1890-இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சி செய்தால் இந்நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்குவதை எழுதிவைத்தார். உடல் சூடே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. சோம்பல் இல்லை, நரம்பு சூடு தாங்கவில்லை. வீட்டாருக்கு இதை அந்த வரைபடத்தைக் காட்டித்தான் புரியவைத்தேன். பயிற்சியை இப்போது காலை ஏழு மணிக்கு மாற்றிவிட்டோம். கல்யாணம் காட்சி என்றால் முந்தின நாளே ஓய்வு.

மகன் போனில் கேட்டது, "பத்தாயிரம் எப்போ வரும்?" அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர், மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில்லை. ஆச்சிக்குப் போன மாத ஆச்சிதான் அளவு. எண் திடீரென இறங்கி, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய தளர்ச்சியோ மரத்துப்போதலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நரம்பியல் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, மரத்த காலில் பட்டை இறுகினால் தெரியாது. ராத்திரி கழற்றித் தோலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். "கொலுசு போட்டுப் பழகுன காலுதான தம்பி" என்கிறார். பார்க்கிறாரா என்று போகும்போதெல்லாம் நானும் பட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.