பழைய ஷாம்பெய்னுக்கு இரண்டு வயது

ஒரே நிறுவனம், ஒரே 1996 அறுவடை, ஒரே நாளில் அடைத்த இரண்டு ஷாம்பெய்ன் பாட்டில்களை அருகருகே திறந்தால், ஒன்றில் எலுமிச்சைத் தோலும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் மணக்கலாம். மற்றதில் வறுத்த காப்பிக்கொட்டை, தேன், காளான். எதுவும் கெட்டுப்போகவில்லை. பாட்டிலுக்குள் கிடந்த ஈஸ்ட் வண்டலை எப்போது வெளியேற்றினார்கள் என்பதுதான் வேறுபாடு. முதிர்ந்த ஷாம்பெய்னைச் சுவைக்க உட்காருபவருக்கு லேபிளில் உள்ள அறுவடை ஆண்டு மட்டும் போதாது. இந்த இரண்டாவது தேதியும் தெரிந்தால்தான் கிளாஸில் இருப்பது விளங்கும்.

பிரான்சின் வடகிழக்கில், ரான்ஸ், எப்பர்னே நகரங்களைச் சுற்றிய தோட்டங்களில் விளையும் பீனோ நுவார், மெனியே, ஷார்தொனே திராட்சைகளே இதற்கு முக்கிய மூலப்பொருள். பெரும்பாலான ஷாம்பெய்ன் பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து செய்யப்படுவது. விளைச்சல் சிறப்பாக அமைந்த ஆண்டுகளில் மட்டும் அந்த ஓர் ஆண்டின் திராட்சையை வைத்தே தயாரித்து, ஆண்டையும் லேபிளில் அச்சிடுவார்கள். 1988, 1990, 1996, 2002, 2008 ஆகியவை அப்படிப் பெயர் பெற்றவை. முதலில் சாதாரண ஒயினாக நொதித்ததை, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து பாட்டிலில் அடைக்கிறார்கள். 4 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. ஆகவே உள்ளே 6 பார் வரை ஏறும். 750 மில்லிலிட்டர் பாட்டிலில் சுமார் 9 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். வெளியே விட்டால் அது கிட்டத்தட்ட 5 லிட்டர் வாயு.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் இறக்கிறது. அதன் பிறகுதான் அதன் முக்கியமான வேலையே தொடங்குகிறது. இறந்த செல்லின் நொதிகள் அந்தச் செல்லையே மெல்ல அரித்துக் கரைக்கின்றன. அமினோ அமிலங்கள், சிறு புரதத் துண்டுகள், செல்சுவரின் மானோபுரதங்கள் ஒயினில் இறங்குகின்றன. ரொட்டி மாவின் மணமும் நாக்கில் படரும் வழவழப்பும் இங்கிருந்து வருபவை. இது மாதங்களில் முடியும் வேலை அல்ல. ஆண்டு குறித்த ஷாம்பெய்ன் பாட்டிலில் அடைத்து 3 ஆண்டுகளாவது ஆன பிறகே விற்பனைக்கு வர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நல்ல நிறுவனங்கள் அதைவிட நெடுங்காலம் காத்திருக்கின்றன. வண்டல் உள்ளே இருக்கும்வரை, மூடி வழியாகக் கசிந்து வரும் ஆக்சிஜனை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஒயினுக்கு ஆழம் கூடும், ஆனால் இளமை குறையாது.

பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, திருகித் திருகி வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் சுமார் மைனஸ் 27 டிகிரி குளிர்கரைசலில் முக்குவார்கள். வண்டல் பனிக்கட்டியோடு உறைந்துவிடும். மூடியைக் கழற்றியதும் உள்ளழுத்தமே அதை வெளியே தள்ளும். குறைந்த இடத்தை ஒயினும் சர்க்கரையும் கலந்த சிறு அளவு திரவத்தால் நிரப்பித் தக்கை அடிப்பார்கள். இனிப்புக் குறைந்த வகை என்பதைக் குறிக்கும் 'புரூட்' என்ற சொல் லேபிளில் இருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை.

அந்தச் சில நொடிகளில் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே நுழைகிறது, காவலுக்கு இருந்த ஈஸ்டும் போய்விடுகிறது. இரண்டாவது கடிகாரம் ஓடத் தொடங்குவது இங்கேதான். ஈஸ்ட் விட்டுச்சென்ற அமினோ அமிலங்களும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை இது. தோசைக்கல்லில் தோசை சிவப்பதும் இதனால்தான். சூடான கல்லில் நிமிடக் கணக்கில் நடப்பது, 11 டிகிரி சுண்ணாம்புப் பாறை நிலவறையில் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. முதிர்ந்த ஷாம்பெய்னின் வறுத்த மணத்தில் கந்தகம் கொண்ட சில சேர்மங்களுக்கும் பங்குண்டு. அவற்றில் ஒன்றான ஃபர்ஃபுரில் தயால்தான் காப்பிக்கொட்டை மணத்தையும் தருகிறது. இன்னொரு சேர்மம் சோட்டலான். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவது இதே மூலக்கூறு. சிறிதளவு இருந்தால் தேனும் அக்ரூட்டும் போல இனிமை. மிகுந்தால் ஆக்சிஜன் அளவு மீறிப் புகுந்ததற்கு அடையாளம். வெந்தய மணத்தோடு வளர்ந்த மூக்குகளுக்கு இதைப் பிடிப்பது எளிது.

இந்த இரண்டு வயதுகளை வைத்தே சில நிறுவனங்கள் தனிப் பெயர் பெற்றிருக்கின்றன. பொலாஞ்சே நிறுவனம் 1952 அறுவடையைப் பல ஆண்டுகள் வண்டலோடு வைத்திருந்து, 1967-இல் 'அண்மையில் வண்டல் நீக்கியது' என்ற பொருளில் ஆர்.டி. என்ற பெயரில் வெளியிட்டது. வண்டல் நீக்கிய தேதி இன்று பல பாட்டில்களின் பின் லேபிளிலேயே இருக்கிறது. குரூக் என்ற ஷாம்பெய்ன் நிறுவனத்தின் பாட்டிலில் உள்ள ஆறு இலக்க எண்ணின் முதல் இலக்கம் காலாண்டையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் சொல்லும். 213 என்று தொடங்கினால் 2013-இன் இரண்டாம் காலாண்டு. வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். வண்டல் நீக்கி ஓராண்டுகூட ஆகாத பழைய ஷாம்பெய்ன் பெரும்பாலும் மணம் விரியாமல் இறுக்கமாகவே இருக்கும்.

தக்கை ஒருபோதும் முழுமையாக வாயுவைத் தடுப்பதில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கசிகிறது. பெரிய பாட்டிலிலும் கசிகிற தக்கைப் பரப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை, உள்ளே இருக்கும் ஒயினோ இரண்டு மடங்கு. அதனால்தான் 1.5 லிட்டர் பாட்டிலில் குமிழி நீண்ட காலம் நிற்கிறது. ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஷே-பெலேர் பல ஆண்டுகளாக இந்தக் குமிழிகளை ஆராய்ந்துவருகிறார். குமிழிகள் கண்ணாடியிலிருந்து தாமாகப் பிறப்பதில்லை. கிளாஸில் ஒட்டியிருக்கும் நுண்ணிய பருத்தி இழைகளுக்குள் சிக்கிய காற்றிலிருந்தே பிறக்கின்றன. கரைந்த வாயு லிட்டருக்குச் சுமார் 2.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் அந்த இழைகளாலும் குமிழி எழுப்ப முடியாது.

நுண்குமிழி உயர்தரத்தின் முத்திரை என்று பலர் நம்புகிறார்கள். வாயு குறையும்போது, மேலேறும் குமிழி மெதுவாகவே பருக்கிறது. அதனால் சிறியதாகத் தெரிகிறது. அது பெரும்பாலும் வயதின் அடையாளம். நாக்கில் குத்தும் உணர்வுக்கும் குமிழி உடைவது காரணமில்லை. வாயிலுள்ள ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடை அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தை நரம்புகள் உறுத்தலாக உணர்கின்றன. பழைய ஷாம்பெய்னில் இந்த உறுத்தல் தணிந்திருப்பதால், மறைந்திருந்த சுவைகள் முன்னால் வருகின்றன. குமிழி குறைவு என்பதற்காக அதைக் குறை சொல்ல வேண்டாம்.

திறப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். பனிக்கட்டியும் தண்ணீரும் சரிபாதி நிறைந்த வாளியில் 20 நிமிடம் போதும். 10 முதல் 12 டிகிரி நல்லது; 6 டிகிரியில் பரிமாறினால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மணம் எழும்பவே எழும்பாது. கம்பிக்கூண்டை ஆறு அரைத்திருப்பில் தளர்த்தி, கழற்றாமல் தக்கையோடு சேர்த்துப் பிடித்து, பாட்டிலைச் சாய்த்துப் பாட்டிலையே திருப்புங்கள். இளம் தக்கை வெளியே வந்ததும் பாவாடைபோல விரியும். பழையது சுருங்கி ஆப்பு மாதிரி நேராக நிற்கும். நெகிழ்வு போனதால் திருகும்போது தலை முறிந்துவிடுவதும் உண்டு. அப்படி முறிந்தால் முகத்தை விலக்கிக்கொண்டு, துண்டால் சுற்றி, தக்கைத்திருகியை மெல்ல இறக்கி, கையால் அழுத்திப் பிடித்தபடியே எடுக்க வேண்டும். உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கும்.

அகன்ற வாய்க் கிண்ணத்தில் மணம் கலைந்துவிடும். ஒல்லியான குழல் கிளாஸில் மூக்குக்கு இடமில்லை. வெள்ளை ஒயினுக்கான, வாய் குறுகிய கிளாஸே சரி. சோப்பின் மிச்சம் நுரையைக் கொல்லும். வெந்நீரில் அலசி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் குமிழிக்கு வேண்டிய இழையும் கிடைத்துவிடும். நேராகக் கொட்டாமல் கிளாஸைச் சாய்த்து, ஓரமாக வழியவிடுங்கள். இப்படி ஊற்றும்போது வாயு குறைவாகவே வெளியேறுகிறது என்பதை ரான்ஸ் குழு 2010-இல் அளந்து காட்டியது. ஏற்கெனவே வாயு குறைந்த ஒயினில் இந்தச் சிக்கனம் கண்கூடாகத் தெரியும்.

நிறம் வைக்கோலிலிருந்து பொன்னுக்குப் போயிருந்தால் இயல்பு. மங்கிய பழுப்பும் அடிபட்ட ஆப்பிள் மணமும் சேர்ந்து வந்தால் ஆக்சிஜன் மிஞ்சிவிட்டது. ஈர அட்டைப்பெட்டி நாற்றம் தக்கையிலிருந்து வரும் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மத்தால் வருவது; லிட்டருக்குச் சில நானோகிராமே பழ மணத்தை அமுக்கிவிடும், கிளாஸில் வைத்திருந்தாலும் சரியாகாது. வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வெளிச்சத்தின் வேலை: ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் ஒளி பட்டதும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துக் கந்தகச் சேர்மங்களாக்குகிறது. நிறமற்ற கண்ணாடியில் வரும் கிரிஸ்டால் ஷாம்பெய்ன் மஞ்சள் தாளில் சுற்றியே விற்கப்படுவது இதனால்தான். பாட்டிலைத் திறக்கும்வரை அந்தத் தாளைப் பிரிக்க வேண்டாம்.

முதல் மோப்பத்தில் மூடிக்கிடப்பதுபோல் தோன்றினால் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாமல், கிளாஸில் 20, 30 நிமிடம் விட்டுப் பாருங்கள். 2010-இல் பால்டிக் கடலில் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 168 ஷாம்பெய்ன் பாட்டில்கள் எடுக்கப்பட்டன. ஏறக்குறைய 170 ஆண்டுகள் 2 முதல் 4 டிகிரி இருட்டில் கிடந்தவை; லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை கொண்டவை. முதலில் முகர்ந்த நிபுணர்கள் நனைந்த முடி, விலங்கு, பாலாடைக்கட்டி என்றே குறித்தார்கள். கிளாஸைச் சுழற்றிக் காற்றுப் பட்டதும் அவை விலகி, புகை, மசாலா, தோல், அவற்றினூடே பழமும் பூவும் எழுந்தன.