பன்னாட்டுப் படிப்பு என்பது வெளிநாட்டு வேலைக்கான சீட்டு அன்று

கடந்த வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பீடி சுற்றிச் சேர்த்த பணம் போதாமல் நகையையும் அடகு வைத்து, வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் நாடுகளுக்கிடையிலான உறவுகளைக் கற்பிக்கும் பன்னாட்டு ஆய்வுகள் இளங்கலையில் மகளைச் சேர்த்திருக்கிறார் அந்தத் தாய். பட்டம் கைக்கு வந்துவிட்டது. தூதரக வேலைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பாளையங்கோட்டையில் நெடுங்காலமாக அரசியல் அறிவியல் கற்பிக்கும் என்னிடம் இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த நான்காவது குடும்பம் இது.

பெற்றோர்களே, பட்டத்தின் பெயரில் 'பன்னாடு' என்ற சொல் இருப்பதால் எந்தத் தூதரகமும் வேலை தருவதில்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வை எழுத வேண்டும். அதை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். பொறியாளரும் மருத்துவரும் அந்தப் பணிக்குச் செல்வது அதனால்தான். வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணிக்கும் பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' என்பது ஒரே பாடமாகவே இருக்கிறது. தாளுக்கு 250 மதிப்பெண்ணாக இரண்டு தாள்கள். தேர்வாணையமே பிரிக்காத இரண்டை, ஒன்று உள்ளூருக்கு, மற்றது வெளிநாட்டுக்கு என்று நாம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அரசியல் அறிவியலைக் கட்சிக்காரர்களின் படிப்பு என்று ஒதுக்குவதும் இதே அறியாமையிலிருந்து வருவதுதான்.

நம் மாவட்டத்துக் கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் கையெழுத்தானது. அந்த நாடு 1991இல் கலைந்த பிறகு ரஷ்யா அந்தப் பொறுப்பை ஏற்றது. இவ்வளவும் பன்னாட்டு ஆய்வுகளில் வரும். ஆனால் பிற நாட்டோடு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் ஏன் ஒன்றிய அரசிடம் மட்டும் இருக்கிறது, அதை நிறைவேற்றச் சட்டம் இயற்ற அரசமைப்பின் 253ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு என்ன அதிகாரம் தருகிறது, இடிந்தகரை மீனவர்களின் எதிர்ப்புக்கு மாநில அரசாலும் உச்ச நீதிமன்றத்தாலும் எந்த எல்லைவரை பதில் சொல்ல முடிந்தது என்பவை அரசியல் அறிவியலின் பாடங்கள். இந்த அடித்தளம் இல்லாமல் வெளியுறவுக் கொள்கையைப் படிக்கும் மாணவர் நாடுகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறாரே தவிர, ஒரு நாடு எப்படி முடிவெடுக்கிறது என்பதை அறியாமலே போகிறார்.

ஆகவே இளங்கலையில் அரசியல் அறிவியல், முதுகலையில் பன்னாட்டு ஆய்வுகள் என்பதே என் பரிந்துரை. 1955இல் தொடங்கிப் பின்னர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பன்னாட்டு ஆய்வுப் பள்ளி இருக்கிறது. நமக்கு அருகில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பன்னாட்டு ஆய்வுகள் இரண்டுக்குமாக ஒரே துறை இருக்கிறது. பிரெஞ்சோ அரபியோ உண்மையாகவே ஊன்றிக் கற்கும் ஆர்வமும், ஆய்வுவரை செல்லும் உறுதியும் உள்ள பிள்ளை இளங்கலையிலேயே பன்னாட்டு ஆய்வுகளை எடுத்தால் நான் தடுக்கமாட்டேன்.

விளம்பரத் தாளில் அச்சிட்ட கொடிகளைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். ஆறு பருவங்களின் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் அரசுப் பணிகளில், பட்டத்தின் பெயர் மாறினால், அது கேட்கப்பட்ட பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் இணைத்தன்மை ஆணையைக் காட்ட வேண்டியிருக்கும். அது இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் அரசியல் அறிவியலும் பன்னாட்டு ஆய்வுகளும் தனித்தனிப் பாடங்கள் என்பதைப் பிள்ளைகள் மறக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்றாண்டுகளில் இந்திய அரசமைப்புக்கு ஒரே ஒரு தாள். குடிமைப் பணித் தேர்வுக்கு வேண்டிய வயதும் அறிவும் அவரிடம் இருக்கின்றன. விடுபட்டதைப் படிக்க நூல்களைக் கொடுத்தனுப்பினேன். அடுத்து வருகிறவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கட்டணம் கட்டும் முன் வாருங்கள், பாடத்திட்டத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.