வேலை போனால் பிள்ளையின் காப்பீடும் போய்விடுமா? அமெரிக்காவில் மெடிகெய்டு, சிப் யாருக்கு, எப்படி

அமெரிக்காவில் லே-ஆஃப் கடிதம் வந்த வீட்டில் முதல் கவலை வாடகை. இரண்டாவது, "சின்னவளுக்கு ஆஸ்துமா இருக்கே, அடுத்த மாசம் இன்ஹேலருக்கு என்ன செய்யறது?" கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தக் காசில் நீட்டித்துக்கொள்ள கோப்ரா என்று ஒரு வழி உண்டு. அதன் மாத பிரீமியத்தைப் பார்த்ததும் பலர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். உணவகத்திலும் பெட்ரோல் பங்கிலும் வேலை செய்யும் நம்மவர்களுக்கோ கம்பெனிக் காப்பீடு என்பதே பெரும்பாலும் கிடையாது.

இந்த இடத்தில் பலரும் யோசிக்காமல் விடும் ஒன்று, பிள்ளைக்கு மட்டும் தனியாக அரசுக் காப்பீடு வாங்க முடியும் என்பது. பெற்றோருக்குத் தகுதி இல்லாத வீட்டிலும் பிள்ளைக்குத் தகுதி இருக்கலாம். பெரியவர்களுக்கான வருமான வரம்பு வேறு, பிள்ளைகளுக்கான வரம்பு வேறு. பிள்ளைகளுக்கு அது பொதுவாக இன்னும் தாராளமானது.

திட்டங்கள் இரண்டு. மெடிகெய்டு 1965-ல் வந்தது. மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. மெடிகெய்டுக்குச் சற்று அதிகமாகவும், தனியார் காப்பீடு வாங்கப் போதாமலும் சம்பாதிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுக்காக 1997-ல் சிப் என்ற பிள்ளைகளுக்கான காப்பீட்டுத் திட்டம் வந்தது. எட்வர்டு கென்னடி என்ற ஜனநாயகக் கட்சிக்காரரும் ஆரின் ஹேட்ச் என்ற குடியரசுக் கட்சிக்காரரும் கைகோத்துக் கொண்டுவந்த சட்டம் அது. இன்றைய வாஷிங்டனை நினைத்தால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது. மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் போடுகின்றன, நடத்துவது மாநிலம். அதனால் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கில் சைல்டு ஹெல்த் பிளஸ், ஜார்ஜியாவில் பீச்கேர், கலிபோர்னியாவில் எல்லாம் மெடி-கால் என்ற ஒரே குடைக்குள். பக்கத்து மாநிலத்து நண்பர் சொன்ன பெயரைத் தேடி உங்கள் மாநிலத்தில் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் வருமானக் கணக்கு. "ஏழைகளுக்கான திட்டம்" என்று காதில் விழுந்ததும் "நமக்குக் கிடைக்காது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். 2025-ன் மத்திய அரசு வறுமைக்கோடு நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 32,150 டாலர். அந்தக் கோட்டின் 138 சதவீதம் வரை, அதாவது ஏறத்தாழ 44,000 டாலர் வரை, எந்த மாநிலத்திலும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தகுதி உண்டு. அதற்கு மேல் மாநிலத்தின் விருப்பம். டெக்சாஸில் சிப் வரம்பு கோட்டைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே நிற்கிறது. நியூயார்க்கிலோ நான்கு மடங்கைத் தாண்டுகிறது. நால்வர் குடும்பம் 1,30,000 டாலரை ஒட்டிச் சம்பாதித்தாலும் பிள்ளைக்குக் கிடைக்கும். கோடு ஆண்டுதோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக விண்ணப்பிப்பவருக்குப் பார்ப்பது இப்போதைய மாத வருமானத்தை. போன வருட வரிப் படிவத்தில் பெரிய தொகை இருந்தாலும், இந்த மாதம் வேலை இல்லையென்றால் இந்த மாதக் கணக்குதான். வேலையின்மை உதவித்தொகை வருமானமாகச் சேரும். வேலையை விட்டு அனுப்பும்போது மொத்தமாகத் தந்த தொகை, கைக்கு வந்த மாதத்தில் மட்டும் சேரும். சொத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் இருக்கும் வீடு, லாக்கரில் இருக்கும் நகை, வங்கிச் சேமிப்பு எதையும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஊர் வீட்டு வாடகை வரிக்கு உட்பட்ட வருமானம் என்றால் அது கணக்கில் வரும்; மறைக்க வேண்டாம். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் பெரும்பாலும் வரிப் படிவத்தை வைத்துத்தான். ஆறு மாத விசாவில் வந்து தங்கியிருக்கும் பாட்டியைச் சேர்த்து ஐந்து பேர் என்று போட முடியாது.

விசா விஷயத்தில் வதந்திகள் அதிகம். இங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டு. பிள்ளைக்கு மட்டும் விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் குடியேற்ற நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கிரீன் கார்டு பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு காத்திருப்பு என்ற பொது விதி இருக்கிறது என்றாலும், பெரும்பாலான மாநிலங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தளர்த்தியிருக்கின்றன. அப்படித் தளர்த்திய மாநிலங்களில் செல்லுபடியாகும் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. இந்தக் காப்பீட்டை வாங்கியது பின்னால் கிரீன் கார்டைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு வாட்ஸ்அப் குழுவில் பதில் தேடாதீர்கள். விதிகள் அரசுக்கு அரசு மாறுகின்றன, குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு அரைமணி நேரம் பேசிவிடுவது நல்லது.

கிடைப்பது என்ன? தடுப்பூசி, வழக்கமான உடல் பரிசோதனை, மருந்து, மருத்துவமனைச் சேர்க்கை, பல், கண் என்று நீளும். மெடிகெய்டில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு வலுவான உரிமையும் உண்டு. இ.பி.எஸ்.டி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 21 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவ ரீதியாகத் தேவை என்றால், மெடிகெய்டு சட்டத்தின் பட்டியலில் வரும் எந்தச் சிகிச்சையையும் மாநிலம் தந்தாக வேண்டும், பெரியவர்களுக்கு அதைத் தராத மாநிலமாக இருந்தாலும். பேச்சுப் பயிற்சிக்கு "இத்தனை முறைதான்" என்று யாராவது கை விரித்தால், இந்த ஐந்தெழுத்தைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். தனியாக நடக்கும் சிப் திட்டங்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. மெடிகெய்டில் பிள்ளைக்குப் பெரும்பாலும் செலவே இல்லை. சிப்பில் சிறு பிரீமியமும் கோ-பேயும் (சிகிச்சையின்போது நாம் கட்டும் பங்கு) இருக்கலாம். எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தனியார் காப்பீடு வாங்கும் ஒபாமாகேர் சந்தைபோல நவம்பருக்குக் காத்திருக்க வேண்டாம், ஆண்டு முழுதும் விண்ணப்பிக்கலாம். மாநில இணையதளம், ஹெல்த்கேர் டாட் கவ், அல்லது 1-877-543-7669 என்ற எண். மெடிகெய்டா சிப்பா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை, ஒரே விண்ணப்பத்தை அவர்களே பிரித்துக்கொள்வார்கள். சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று, பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண் கையில் இருக்கட்டும். பொதுவாக 45 நாளுக்குள் பதில் வர வேண்டும். இடையில் பிள்ளையை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். மெடிகெய்டு விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 3 மாதச் செலவையும் ஏற்கலாம். 2025-ல் வந்த சட்டப்படி 2027 ஜனவரி முதல் இது 2 மாதமாகக் குறைகிறது. பிரசவத்தின்போது தாய் மெடிகெய்டில் இருந்தால் குழந்தைக்குத் தனி விண்ணப்பமே வேண்டாம், முதல் பிறந்தநாள் வரை தானாகவே சேர்க்கப்படும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அம்மாக்கள் "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று கேட்டால் போதும். இலவசமாக ஏற்பாடு செய்து தர வேண்டியது அவர்கள் பொறுப்பு, பத்து வயது மகனை மொழிபெயர்க்க உட்கார வைக்க வேண்டாம்.

2024 ஜனவரி முதல் இன்னொரு நல்ல விதி எல்லா மாநிலங்களிலும் வந்திருக்கிறது. பிள்ளை ஒருமுறை சேர்ந்துவிட்டால் 12 மாதம் நிற்கும். மூன்றாம் மாதமே அப்பாவுக்கு நல்ல வேலை கிடைத்து சம்பளம் கூடினாலும் அந்த ஆண்டு முடியும்வரை எடுக்கக் கூடாது. 19 வயது முடிவது, வேறு மாநிலத்துக்குக் குடிபோவது போன்ற சில காரணங்கள் மட்டும் விலக்கு.

சேர்வதைவிடத் தக்கவைப்பதுதான் பாடு. தகுதியை ஆண்டுதோறும் சரிபார்க்கும் புதுப்பித்தலைக் கொரோனாக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை 2023 ஏப்ரலில் மறுபடி தொடங்கியபோது, மெடிகெய்டிலிருந்து நீக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் தகுதி இல்லை என்று தீர்மானித்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது போன்ற காகிதக் காரணங்களால் விழுந்தவர்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது அப்படியே பொருந்தும். மாநிலத்துக்குள்ளேயே வீடு மாறினாலும் மெயில் பார்வர்டு செய்வதோடு நிற்காமல், மெடிகெய்டு அலுவலகத்திலும் புது முகவரியைத் தெரிவியுங்கள். படிவத்தைத் தவறவிட்டுக் காப்பீடு நின்றுபோனாலும், 90 நாளுக்குள் அதை நிரப்பி அனுப்பினால் புது விண்ணப்பம் இல்லாமலேயே மறுபடி பரிசீலிக்க வேண்டும். அதில் இல்லை என்று சொன்னால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடு தேதி மறுப்புக் கடிதத்திலேயே அச்சாகியிருக்கும்.