கடவுச்சொல்: சொல் ஒன்று போதுமா?

மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலம். நான் வழக்கமாகப் போகும் கடையில் நீள நோட்டு ஒன்று கிடக்கும். வேலைக்கு, கவுன்சிலிங்குக்கு என்று விண்ணப்பம் போட வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரியும், பக்கத்திலேயே பாஸ்வேர்டும் அதில் வரிசையாக எழுதியிருக்கும். “மறந்துட்டு வந்து நின்னா நாங்கதானண்ணே எடுத்துக் குடுக்கணும்” என்பார் கடைத் தம்பி. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்கு நாலைந்து மீனாட்சி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மற்றதெல்லாம் செல்போன் எண்.

பாஸ்வேர்டுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் கடவுச்சொல். அள என்பதிலிருந்து அளவு, பிள என்பதிலிருந்து பிளவு. அதுபோல் கட என்பதிலிருந்து கடவு. கடந்து போகும் வழி என்று பொருள். தோணி ஏறி ஆற்றைக் கடக்கும் துறையை மலையாளத்தில் இன்றும் கடவு என்கிறார்கள். இலங்கையில் சாலையைக் குறுக்கே கடக்கும் இடம் கடவை. பாஸ்போர்ட்டைக் கடவுச்சீட்டு ஆக்கியதும் இதே வேர்தான். (கடவுளும் இதே வேரா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.) ஆங்கில ‘பாஸ்’ லத்தீனில் காலடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே பாதிச் சொல்லுக்குப் பொருத்தம் கச்சிதம்.

பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு பிறந்த இடம் படைமுகாம். ரோமானியப் படையில் அன்றைய அடையாளச் சொல்லை மரப்பலகையில் எழுதி, மாலையில் அணிஅணியாகக் கைமாற்றுவார்கள். இரவில் அதைச் சொல்லத் தெரிந்தவன் நம்மவன்.

நம்மிடம் இதற்குச் சொந்தக்காரச் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது இலக்கண வகுப்பில் எல்லாரும் படித்த எடுத்துக்காட்டு. சொல்லே இல்லாத குறியும் உண்டு. மாட்டுத்தாவணி என்ற பெயரைப் பாருங்கள்: தாவணி என்றால் மாட்டுச் சந்தை. அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இதெல்லாம் கூட்டத்துக்குச் சொந்தமான ரகசியம். தனி ஆளுக்கு ஒரு ரகசியம் என்ற வழக்கம் கணினிக்கு வந்தது 1961 வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில். ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டதால், அவரவர் கோப்பைப் பிரித்துக் காக்க ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழு அதைப் புகுத்தியது. மறுவருடமே, கூடுதல் நேரம் வேண்டிய ஆய்வு மாணவர் ஒருவர் எல்லாருடைய பாஸ்வேர்டையும் அச்செடுத்துவிட்டார். நம் நோட்டுக்கு மூத்த அண்ணன்!

மறைச்சொல், நுழைவுச்சொல் என்றும் எழுதுகிறார்கள். நுழைவுச்சொல்லில் புதிதாக ஒன்றும் இல்லை. மறைச்சொல் மீது எனக்கு ஆசை உண்டு. கடவுச்சொல் சொல்ல மறந்த ரகசியத்தை அது சொல்கிறது. ஆனால் வழக்கு வென்றுவிட்டது.

என் குறை பின்பாதி மீதுதான். ‘சொல்’ என்றதும் நாம் ஒரே ஒரு சொல்லைத் தேடுகிறோம். ஆங்கிலச் சிறிய எழுத்து எட்டை வைத்து ஏறக்குறைய 20,882 கோடி சேர்க்கைகள் செய்யலாம். மலைப்பாக இருக்கிறதா? கடவுச்சொற்களை வலுவில்லாத முறையில் பூட்டி வைத்த கோப்பு திருடர் கையில் சிக்கினால், நொடிக்குப் பல நூறு கோடி முயலும் கணினிக்கு அது ஓரிரு நிமிட வேலை. இன்னும் நாலே எழுத்தைக் கூட்டினால் வேலை 4,56,976 மடங்காகும். எழுத்துகள் கண்டபடி விழுந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. ‘மீனாட்சி’ திருடர் முதலில் போட்டுப் பார்க்கும் சொற்பட்டியலிலேயே மாட்டும். ஆகவே கடவுத்தொடர் என்பதே சரியான சொல்: ஒட்டு உறவில்லாத நாலைந்து சொற்கள். பருத்திப்பால், ஏணி, புதன், குரங்குப்பெடல் என்பதுபோல. இதையே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அச்சேறியாயிற்று. பழமொழியும் பாட்டு வரியும் ஆகாது, அவை ஊருக்கே மனப்பாடம். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்ற பழைய கட்டாயத்தை அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் கைவிட்டது. கணக்குக்கு ஒன்றாக வேறுவேறு வைப்பதுதான் முக்கியம்.

எழுதும்போது ‘கடவு சொல்’ என்று பிரிக்க வேண்டாம், ச் மிகும். வங்கிக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தையும் ‘ஒருமுறை கடவுச்சொல்’ என்கிறார்கள். அதில் சொல் எங்கே இருக்கிறது? கடவெண் என்றால் என்ன குறைந்துவிடும்?